நாசா மென்பொருள் பட்டியல்: மலையகத்திலிருந்து கேட்டால் எது கிடைக்கும், எது கிடைக்காது

நாசாவின் மென்பொருள் பட்டியலுக்கு என் புள்ளி ஐந்துக்கு மூன்றரை. திறந்த மூல மென்பொருளை மட்டும் கணக்கில் எடுத்தால் ஐந்தும் கொடுக்கலாம். கட்டுப்பாடு போட்ட ரொபோ மென்பொருளுக்கு இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கும் வழியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கு மேல் போக மனம் வராது. பேராதனைப் பொறியியல் பீடத்திலும், பதுளை ஊவா வெல்லஸ்ஸவின் மெக்கட்ரொனிக்ஸ் பாடநெறியிலும் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளும், அவர்களை வழிநடத்தும் விரிவுரையாளர்களும் விண்ணப்பிக்க முன் இதைப் படித்துவிட்டால் நல்லது.

அமெரிக்க அரசின் பணத்தில் எழுதப்பட்ட நாசா மென்பொருட்களை ஒரே இடத்தில் தேட வைக்கும் இந்தப் பட்டியல் 2014 ஏப்ரலில் முதன்முதலாக வெளிவந்தது. கட்டணம் ஒரு சதமும் இல்லை. ரொபோ சம்பந்தமானவை ‘தன்னியக்க அமைப்புகள்’ என்ற பிரிவில் இருக்கும் என்று நினைத்து அதை மட்டும் திறந்தால் பாதி தவறிப்போகும். வண்டி ஓட்டும் நிரல் ‘வாகன மேலாண்மை’யில் இருக்கலாம், கமெராப் படத்தைக் கையாளும் நிரல் ‘தரவு, படச் செயலாக்க’த்தில் இருக்கலாம். பிரிவை விட்டுவிட்டு ரோவர், மனிபியூலேட்டர், சிமுலேஷன் என்று சொல் போட்டுத் தேடுவதே சரியான வழி.

ஒரு மென்பொருளின் பக்கத்தைத் திறந்ததும் விளக்கத்தைப் படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: குறிப்பெண், வெளியீட்டு வகை.

குறிப்பெண்ணின் முதல் மூன்று எழுத்துகள் எந்த மையத்தின் சரக்கு என்பதைச் சொல்லும். ஏஆர்சி என்றால் கலிபோர்னியாவின் ஏம்ஸ். ஜிஎஸ்சி என்றால் கொடார்ட். எல்ஏஆர் லாங்லி. எம்எஸ்சி என்று வந்தால் ஹியூஸ்டன் ஜோன்சன் மையம். 1973க்கு முன் அதற்கிருந்த பழைய பெயரின் எழுத்துகள் இன்னும் மாறவில்லை. எல்ஈடபிள்யூ இப்போதைய கிளென், 1999 வரை லூயிஸ். என்பிஓ என்று வந்தால் அது ஜேபிஎல் எனும் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடம். இதைத் தெரிந்து வைத்திருக்க ஒரு காரணம் உண்டு: விண்ணப்பம் போய்ச் சேருவது அந்தந்த மையத்துக்குத்தான். ஒரே பட்டியல் என்றாலும் முடிவெடுப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒவ்வொரு மையத்திலும் மென்பொருள் வெளியீட்டுக்கு ஒரு அதிகாரியும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு இன்னொருவரும் இருப்பார்கள். ஜேபிஎல் கதை இன்னும் வேறு. நாசாவின் பணத்தில் இயங்கினாலும் அதை நடத்துவது கல்டெக் பல்கலைக்கழகம். ஆகவே பதிப்புரிமை பெரும்பாலும் கல்டெக்கிடம், உரிமமும் அங்கிருந்தே வரும்.

வெளியீட்டு வகைதான் உயிர்நாடி. ‘திறந்த மூலம்’ என்றிருந்தால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பெரும்பாலும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலேயே கிடக்கும். ‘பொது வெளியீடு’ என்றால் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இல்லை. கணக்குத் திறந்து பாவனை உடன்படிக்கையை ஏற்கச் சொல்லலாம், அவ்வளவுதான். ‘அமெரிக்க வெளியீடு மட்டும்’ என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இலங்கையில் இருக்கும் இலங்கைப் பிரஜைக்கு அதில் வழி இல்லை, எவ்வளவு நல்ல கடிதம் எழுதினாலும் இல்லை. ‘அமெரிக்க அரச தேவைக்கு’ என்று போட்டிருப்பது அந்த அரசின் ஒப்பந்த வேலை செய்பவர்களுக்கு, அதையும் விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பது ‘அமெரிக்க மற்றும் வெளிநாட்டு வெளியீடு’. பெயரைப் பார்த்துவிட்டு நமக்கும் கிடைக்கும் என்று நம்பிவிடக்கூடாது. அமெரிக்கருக்கு வழமையாகவும், வெளிநாட்டவருக்கு விசேட சந்தர்ப்பத்தில் மட்டும் என்பதுதான் அதன் பொருள். பட்டியலின் பெரிய குறையும் இதுதான்: எது விசேட சந்தர்ப்பம் என்று அந்தப் பக்கத்தில் விண்ணப்பதாரருக்குப் புரிகிற மாதிரி எழுதப்படவில்லை. எந்த நாட்டுக்கு எது கிடைக்கும் என்று ஒரு வரி போட்டிருந்தால் எத்தனையோ பேரின் நேரம் மிஞ்சும்.

வெறும் ரொபோ வண்டி ஓட்டும் நிரலுக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்க அரச ஊழியர் எழுதியதற்கு அந்த நாட்டுக்குள் பதிப்புரிமையே கிடையாது. பூட்டுப் போடுவது ஏற்றுமதிச் சட்டம். வணிகத் திணைக்களத்தின் ஈஏஆர் எனும் ஏற்றுமதி ஒழுங்குவிதிகளில் ஏழாவது பிரிவு முழுவதும் நாவிகேஷனும் (வழிகண்டறிதல்) ஏவியோனிக்ஸும் (வானூர்தி மின்னணுவியல்). இராணுவம் சார்ந்தவற்றுக்கு ஐடிஏஆர் என்ற ஒழுங்குவிதிகள் தனியாக இருக்கின்றன. செவ்வாயில் ஒரு வண்டி தன் இடத்தைத் தானே கணித்துத் தடையைத் தாண்டிப் போகப் பாவிக்கும் கணிதமும், ஆளில்லாத ஆயுதம் ஒன்று தன் இலக்கைத் தேடப் பாவிக்கும் கணிதமும் அடிப்படையில் கிட்டக்கிட்டத்தான் இருக்கின்றன. கட்டுப்பாடின்றி எல்லோருக்கும் வெளியிடப்பட்ட நிரலுக்கு ஈஏஆர் பொதுவாகப் பொருந்தாது. திறந்த மூலத்துக்கும் மற்றதற்கும் இடையில் இவ்வளவு தூரம் இருப்பது இதனால்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஒரு சித்தப்பா மகனோ மாமா மகளோ இருப்பார்கள். “அண்ணாவிடம் சொல்லி இறக்கி அனுப்பச் சொல்லலாமே” என்ற யோசனை வராமல் இருக்காது. வேண்டாம். கிரீன் கார்ட் உள்ளவரும், அகதியாகவோ புகலிடம் பெற்றவராகவோ சட்டப்படி ஏற்கப்பட்டவரும் அந்தச் சட்டத்தில் அமெரிக்க நபர்தான். ஆகவே அவர் தன் தேவைக்கு ‘அமெரிக்க வெளியீடு மட்டும்’ வகையைக் கேட்கலாம். ஆனால் நாசாவின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் கைமாற்றமாட்டேன் என்று அவர்தான் கையொப்பமிடுகிறார். அதை நமக்கு அனுப்பினால் மீறல் அவர் தலையில் விழும், வேலையும் குடியுரிமை விண்ணப்பமும் சேர்ந்து ஆடும். கோப்பை அனுப்பாமல் சூமில் திரையைக் காட்டினால் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம்: கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மூல நிரலைக் கண்ணால் பார்க்க விடுவதையும் அந்தச் சட்டம் வெளியீடாகவே கணக்கெடுக்கிறது. மாணவர் விசாவில் அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் அமெரிக்க நபர் வகைக்குள் வரமாட்டார்கள் என்பதையும் சொல்லி வையுங்கள். அமெரிக்க ஆய்வுகூடத்துக்குள் இருந்தாலும் அவர்களுக்குக் காட்டுவதே ஏற்றுமதிக்குச் சமம். விபிஎன் போட்டு நாட்டை மாற்றிக்காட்டுவதும் இதே கூத்துத்தான். உடன்படிக்கையில் பொய்த் தகவல் கொடுத்ததாக முடியும்.

நேர்வழியில் ‘அமெரிக்க மற்றும் வெளிநாட்டு வெளியீடு’ ஒன்றுக்கு விண்ணப்பிப்பதென்றால் ஒழுங்கு இதுதான். தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும், மென்பொருளின் பக்கத்திலிருந்து கோரிக்கை அனுப்ப வேண்டும், கேட்கும் விபரங்களைக் கொடுக்க வேண்டும், மென்பொருள் பாவனை உடன்படிக்கை வந்தால் அதிகாரம் உள்ளவர் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. வழுக்கும் இடங்கள் நான்கைந்து இருக்கின்றன.

முதலாவது மின்னஞ்சல். ஜிமெயிலில் இருந்து கேட்பவர் யாரென்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தின் ஏசி.எல்கே முகவரியில் இருந்தே கணக்குத் திறக்க வேண்டும். அந்த முகவரி இல்லாத மாணவர், மேற்பார்வையாளரின் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லிக் கேட்பதே மேல்.

பெயர் நம்மவர்களுக்குப் பெரிய தலையிடி. படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். நமக்கோ தகப்பனின் பெயரும் சொந்தப் பெயரும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கெம்பஸ் பதிவில் மூன்றாவது. தோட்டப் பாடசாலைப் பதிவில் தொடங்கிய பிழை கடைசிவரை கூடவே வந்திருக்கும். ஏற்றுமதிச் சோதனையில் பெயரைத் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் எழுத்துக்கூட்டல் முக்கியம். கடவுச்சீட்டில் உள்ளபடி மட்டும் எழுதுங்கள். கடவுச்சீட்டு இல்லாவிட்டால் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதி, கணக்கு, கோரிக்கை, உடன்படிக்கை மூன்றிலும் ஒரு எழுத்தும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகவரிக்கு வீட்டு முகவரி வேண்டாம். தோட்டம், டிவிசன், தபாற்கந்தோர் என்று போகும் முகவரி அந்தப் பெட்டிகளுக்குள் அடங்காது. திணைக்களத்தின் முகவரியைக் கொடுங்கள்: பேராதனை 20400, பதுளை 90000.

நோக்கம் கேட்கும் பெட்டியில்தான் விண்ணப்பம் எழும்பும், அல்லது விழும். “கல்வித் தேவைக்காக” என்று இரண்டு சொல்லில் எழுதினால் பரிசீலிப்பவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இப்படி எழுதலாம்: ‘சரிவான தேயிலை நிலத்தில் ஓடும் ஆறு சக்கர வண்டி. எடை 12 கிலோ, உச்ச வேகம் விநாடிக்கு 10 சென்ரிமீற்றர். உங்கள் நிரல் சிமுலேட்டரில் சக்கர வழுக்கலைக் கணிக்க மட்டும் பாவிக்கப்படும். நிறுவப்படுவது இணையத்தோடு தொடர்பில்லாத இரண்டு ஆய்வுகூடக் கணினிகளில். பாவிப்பவர்கள் மூன்று பேர், மூவரும் இலங்கைப் பிரஜைகள். நிதி பல்கலைக்கழக ஆய்வு நிதி, வெளிநாட்டுப் பங்காளி இல்லை.’ எங்கே, யார், எதற்கு, யாருடைய பணம் என்ற நான்குக்கும் இதில் பதில் இருக்கிறது. திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வரும் நிறுவனம் எதுவும் சேர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிறகு தெரியவந்தால் அந்த விண்ணப்பம் மட்டுமல்ல, அந்தத் திணைக்களத்தில் இருந்து போகும் எல்லா விண்ணப்பமும் சந்தேகத்துக்குள்ளாகும்.

கையொப்பம் அடுத்த சிக்கல். உடன்படிக்கை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் ஆவணம். மாணவருக்கோ, தனித்து ஒரு விரிவுரையாளருக்கோ பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி முதன்மை நிறைவேற்று அலுவலர் துணைவேந்தர். ஆகவே துறைத் தலைவர், பீடாதிபதி, பதிவாளர், துணைவேந்தர் என்ற வரிசையில் கோப்பு ஏறி இறங்க வேண்டும். உடன்படிக்கை கைக்கு வந்த பிறகு இதைத் தொடங்கினால் காலம் போய்விடும். கோரிக்கை அனுப்ப முன்னரே ஒரு பக்கக் குறிப்பெழுதிப் பீடாதிபதியிடம் கொடுத்து வைத்தால், ஆவணம் வந்ததும் நேரே நகரும். இறுதியாண்டுத் திட்டத்தின் மையப் பகுதியை இந்த அனுமதியில் தொங்கவிடுவதை எந்த மேற்பார்வையாளரும் அனுமதிக்கக்கூடாது. பதில் ‘இல்லை’ என்றாலும் திட்டம் நிற்காமல் ஓட வேண்டும்.

சரி, திறந்த மூலத்தில் என்ன இருக்கிறது? உண்மையில் வயிறு நிறைய இருக்கிறது.

ஜேபிஎல்லின் எஃப் பிரைம் எனும் விண்கல மென்பொருள் சட்டகம், அப்பாச்சி 2.0 எனும் திறந்த மூல உரிமம். செவ்வாயில் 2021 ஏப்ரல் 19 முதற்தடவை பறந்து, 2024 ஜனவரி 18இல் 72ஆவது பறப்போடு ஓய்ந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகொப்டரில் ஓடியது இதுதான். அதே சட்டகத்தை ராஸ்பெரி பை எனும் சிறு கணினியில் ஓடவிட ஒரு பின்னேரம் போதும். லினக்ஸ் அல்லது மெக் வேண்டும், விண்டோஸ் என்றால் அதற்குள் லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல்லுக்குள். பைதனின் பிப் மூலம் பூட்ஸ்ட்ரப் கருவியை நிறுவி, புதுத் திட்டம் உருவாக்கி, ஜெனரேட், பில்ட் என்று இரண்டு கட்டளை. தரைக் கட்டுப்பாட்டுத் திரை உலாவியில் 5000ஆம் போர்ட்டில் திறக்கும். அடிக்கடி பிழைப்பது இரண்டு. திட்டத்தின் வெர்ச்சுவல் சூழலை அக்டிவேட் பண்ணாமல் கட்டளை போட்டால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும். ஏற்கெனவே ஜெனரேட் செய்த இடத்தில் திரும்பவும் ஜெனரேட் போட்டால் நின்றுவிடும்; பர்ஜ் போட்டுத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

அஸ்ட்ரோபீ இன்னொரு தரம். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் மிதந்து திரியும் கனசதுர ரொபோக்களின் முழு மென்பொருளும், கசீபோ சிமுலேட்டரோடு, அப்பாச்சி உரிமத்தில். 2019இல் மேலே போன அதே ரொபோவின் கட்டுப்பாட்டு நிரலை ஹட்டனில் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கலாம். உள்ளூர்மயமாக்கல், இயக்கத் திட்டமிடல், கை இயக்கம் எல்லாம் பிரித்து எழுதியிருக்கும் விதத்துக்காகவே விரிவுரைகளில் இதைப் பாவிக்கலாம். சிரமம் நிறுவுவதில் இருக்கிறது. இது ரொஸ் எனும் ரொபோ மென்பொருள் சட்டகத்தின் முதலாம் தலைமுறையில் எழுதப்பட்டது, உபுண்டு 20.04, ரொஸ் நொயட்டிக் சேர்க்கைக்கு ஏற்றது. நொயட்டிக்கின் ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. புது லெப்டொப்பில் உபுண்டு 24.04 போட்டுவிட்டு நேரடியாக நிறுவப் பார்த்தால் சார்புப் பொதிகள் ஒன்றொன்றாக மறுக்கும். மென்பொருளைத் தனிச் சூழலில் ஓடவிடும் டொக்கரில் போடுங்கள். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் எல்லாக் கோர்களையும் ஒரேயடியாகக் கம்பைலுக்கு விட்டால் நினைவகம் தீர்ந்து கேர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும். பிழைச் செய்தி தெளிவாக இராது, நிரலில் பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மட்டுப்படுத்துங்கள். வட்டில் 30 ஜிபியாவது காலியாக வையுங்கள்.

மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போய் வரும் பகுதிகளுக்கு ஒரு குறிப்பு. கிட் குளோன் (நிரல் களஞ்சியத்தை உங்கள் கணினிக்குப் பிரதியெடுப்பது) பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். முழு வரலாற்றையும் இழுக்காமல் ஆழம் 1 என்று கொடுத்து மேலோட்டமாக எடுங்கள். மிச்ச வரலாறு தேவைப்பட்டால் கெம்பஸ் வைஃபையில் வைத்துப் பிறகு நிரப்பலாம். சப்மொடியூல்களையும் (உள்ளே இணைத்திருக்கும் வேறு களஞ்சியங்கள்) ஒரே மூச்சில் இழுக்காமல் தனித்தனியாக எடுங்கள்.

கையால் தொட்டு வேலை செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஜேபிஎல்லின் ஓப்பன் சோர்ஸ் ரோவர். ஆறு சக்கரம், ரொக்கர் போகி எனும் சக்கரத் தொங்கல் அமைப்பு, ராஸ்பெரி பை. 2018இல் வெளிவந்தபோது 2,500 டொலருக்குள் கட்டலாம் என்றார்கள். நமக்கு அந்தக் கணக்கு சரிவராது. பாகப் பட்டியல் அமெரிக்கக் கடைகளை வைத்து எழுதப்பட்டது. கப்பற்கூலியும் சுங்கமும் சேர்ந்தால் தொகை எங்கோ போய்விடும். மோட்டரையும் மோட்டர் கட்டுப்படுத்தியையும் மட்டும் வெளியிலிருந்து எடுத்து, சட்டத்தை உள்ளூர் அலுமினியப் பட்டையிலும் முப்பரிமாண அச்சிலும் செய்வது புத்தி. தேயிலை மலையில் கான் தாண்ட வைப்பதென்றால் சக்கரங்களையும் மாற்றத்தான் வேண்டும். ரொக்கர் போகி தடை ஏறுவதில் கெட்டி. ஈரமான செம்மண் சரிவில் பிடிமானம் கொடுப்பது சக்கரத்தின் பல்லும் அகலமும்.

ஏம்ஸ் ஸ்டீரியோ பைப்லைன், வெவ்வேறு கோணத்தில் எடுத்த படங்களிலிருந்து (ஸ்டீரியோ) கோள்களின் நிலப்பரப்பை அளக்க எழுதப்பட்டது. இதுவும் அப்பாச்சி உரிமம். மண்சரிவு ஆய்வு செய்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டெரா செய்மதியின் ஆஸ்டர் கருவி எடுத்த படங்கள் 2016 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் இலவசம். அவற்றை இறக்கத் தேவையான நாசாவின் எர்த்டேட்டா கணக்கை எந்த நாட்டவரும் தானே திறக்கலாம். எடுக்கும்போது 1ஏ மட்டத்தை எடுங்கள். 1டி மட்டம் ஏற்கெனவே நிலத்துக்குப் பொருத்தி நிமிர்த்தப்பட்டது, ஸ்டீரியோவுக்கு உதவாது. முகில்தான் இங்கே முதல் எதிரி: நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை, பதுளை, ஹப்புத்தளைப் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை எடுத்த படங்களில் தேடினால் தெளிவானது கிடைக்க வாய்ப்பு அதிகம். படத்தின் ஒரு புள்ளி 15 மீற்றர். ஆகவே 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையைப் புதைத்தது போன்ற மண்சரிவை முன்கூட்டிச் சொல்ல இது உதவும் என்று எவரும் திட்ட முன்மொழிவில் எழுதக்கூடாது. பெரிய பரப்பின் சரிவுக் கோணத்தை வரைவதற்கு மட்டும் சரி.

கிளாராட்டி போன்ற பழைய பெயர்களை ஆய்வுக் கட்டுரைகளில் பார்த்துவிட்டு அதைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். ஜேபிஎல், ஏம்ஸ், கார்னெகி மெலன், மினசோட்டா சேர்ந்து கட்டிய அந்த ரோவர் சட்டகத்தின் ஒரு பகுதி மட்டுமே பொதுவுக்கு வந்தது. வடிவமைப்பை அறியக் கட்டுரைகளே போதும். இன்றைக்கு வேலை தொடங்க ரொஸ் 2தான் சரியான இடம். ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் களஞ்சியத்திலும் இதே நிலைதான்: பொது உரிமம் உள்ளவற்றை எடுக்கலாம், ‘சமூக உரிமம்’ என்று போட்டவை உறுப்பு நாடுகளுக்கு.

அனுமதி கிடைத்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அந்தப் பிரதியை வாட்ஸ்அப் குழுவிலோ பொது டிரைவிலோ போடாதீர்கள், கிட்ஹப்பில் உங்கள் திட்டத்தோடு சேர்த்து ஏற்றிவிடாதீர்கள். உடன்படிக்கையில் பெயர் உள்ளவர்கள் மட்டும் திறக்கக்கூடிய கணக்கில் வையுங்கள், யாருடைய கணினியில் எந்தப் பதிப்பு என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் பட்டம் முடித்துப் போகும் நாளில் அவர்களின் லெப்டொப்பில் உள்ளதை அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்கி, அதே கோப்பில் போடுங்கள். அடுத்த ஆண்டு அதே திணைக்களத்தில் இருந்து இன்னொருவர் விண்ணப்பிக்கும்போது மையம் கேள்வி கேட்டால், காட்டுவதற்கு அந்தக் கோப்பு இருக்க வேண்டும்.